பழைய ஆட்டமொன்றை ஓதிப் பார்த்தல்

அரபு மத்ரஸாக்களில் 'முதாலஆ' என்றொரு வழக்கம் உண்டு. நாளை உஸ்தாத் நடத்தவிருக்கும் பாடத்தை இன்றிரவே மாணவன் தனியே அமர்ந்து பார்த்து வைப்பதற்கு அப்பெயர். கண்ணை ஓட்டிவிட்டுக் கிதாபை மூடி வைத்தால் அது முதாலஆ ஆகாது. நூலாசிரியர் இச்சொல்லை ஏன் இவ்விடத்தில் வைத்தார், முன்னே வரவேண்டியதை ஏன் பின்னே தள்ளினார், இந்தச் சட்டத்தோடு இன்ன நிபந்தனையை ஏன் சேர்த்தார் என்று ஒவ்வோர் இடத்திலும் நின்று கேட்க வேண்டும். மூலமாகிய மத்னில் நான்கு சொற்களே இருக்கும். ஷரஹு எழுதியவர் அதற்கு நான்கு பக்கம் எழுதியிருப்பார். ஷரஹைத் திறக்குமுன் அந்த நான்கு சொற்களோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டியவனுக்கே அந்த நான்கு பக்கங்களின் அருமை தெரியும்.

இம்முறை கிதாபுகளுக்கு மட்டுமே உரியதன்று. சதுரங்கப் பலகைக்கும் அது அப்படியே பொருந்துகிறது. முன்னொரு காலத்தில் எங்கோ ஒரு நகரத்துப் பந்தயத்தில் இருவர் ஆடிய ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை ஒரு மத்னைப் போல ஓதி, நம்முடைய தொடக்க ஆட்டத்தைத் திருத்திக்கொள்ள முடியும். எவ்வாறு என்பதையே இக்கட்டுரையில் சொல்ல விழைகிறேன்.

'மௌலவி ஒருவர் சதுரங்கத்தைப் பற்றியா எழுதுவது?' என்று சில அன்பர்கள் புருவத்தை உயர்த்தக்கூடும். அவர்களுடைய ஐயம் நியாயமானதே. ஹனஃபீ, மாலிகீ, ஹன்பலீ மத்ஹபுகளின் சட்ட நூல்கள் இவ்விளையாட்டைக் குறித்துக் கடுமையாகவே பேசுகின்றன. ஷாஃபியீ மத்ஹபில், இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் 'மின்ஹாஜ்' நூலில் இதனை மக்ரூஹ் என்ற அளவில் நிறுத்தியுள்ளார்கள். இரு தரப்பிலும் பணம் வைத்து ஆடினால் அது சூதாகிவிடும் என்றும் சேர்த்தே சொல்லியுள்ளார்கள். இங்கே நான் ஃபத்வா வழங்க வரவில்லை. எங்கள் வீட்டில் பலகை விரிக்கப்படுமாயின் காசு பேச்சுக்கே இடமில்லை. பாங்கு கேட்டால் ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் காய்கள் அப்படியே நிற்கும், ஆடியவர்கள் எழுந்துவிடுவர். இதற்குமேல் பேணுதலாக இருக்க விரும்புவோர் இருக்கட்டும். கற்கும் முறையைப் பற்றி நான் சொல்ல வருவது அவர்களுக்கும் பயன்படும்.

என் தங்கையின் மகன் பதினைந்து வயதுச் சிறுவன். பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளில் ஆடுகிறவன். தொடக்க ஆட்டங்களைப் பற்றிய தடித்த நூல்கள் இரண்டை வாங்கி, பன்னிரண்டு பதினைந்து நகர்வுகள் வரை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தான். சென்ற ஆண்டுப் போட்டியொன்றில் தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்றுத் திரும்பினான். அவன் தந்தையாகிய என் மச்சான், "இனிமேல் பாடப் புத்தகத்தைப் பார்க்கட்டும், பலகையைப் பரண்மேல் போடுங்கள்" என்று சொல்லிவிட்டார். அதுகூட எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. பையன் என்னிடம் தனியே வந்து சொன்ன சொல்தான் என் நெஞ்சைத் தைத்தது.

"எல்லாம் மனப்பாடமாகத்தான் இருந்தது, மாமா. எதிரே இருந்தவன் புத்தகத்தில் இல்லாத ஒரு காயை நகர்த்தினான். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எனக்கு மூளை போதாது போலிருக்கிறது."

முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்து வருகின்ற எனக்கு இச்சொல் புதியதன்று. இப்னு மாலிக் (ரஹ்) அவர்களின் 'அல்ஃபிய்யா'வை ஆயிரம் அடியும் தடையின்றி ஒப்புவிக்கும் மாணவன், ஹரகத்துக் குறியிடாத ஒரு புதிய இபாரத்தை எதிரே வைத்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவனும் இதையேதான் சொல்வான்: 'ஹழ்ரத், எனக்கு மூளை போதாது.' மூளை போதாதவன் ஆயிரம் அடியை எப்படி மனத்தில் ஏற்றினான்? மனப்பாடம் அவனிடம் இருக்கிறது. அந்த விதி எதற்காக வந்தது என்பதைத் தேடும் பழக்கம்தான் அவனுக்கு ஊட்டப்படவில்லை. பலகையைப் பரண்மேல் போட்டால் என் மருமகன் ஒரு விளையாட்டை இழப்பான், அது போகட்டும். 'எனக்கு மூளை போதாது' என்ற எண்ணம் அவனிடம் தங்கிவிட்டால் இழப்பு அதனோடு நிற்காது. ஆகவே மச்சானிடம் ஒரு வாரம் தவணை கேட்டேன். இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம். ஒரே ஓர் ஆட்டம். அவரும் இசைந்தார்.

தொடக்க ஆட்டத்தைக் காரணத்தோடு ஆராய்வது என்பது நம்மவர்க்கு அந்நியமான கலையன்று என்பதை முதலில் அவனுக்குச் சொன்னேன். அபூபக்ர் முஹம்மது இப்னு யஹ்யா அஸ்ஸூலீ என்ற பெயரை அரபு இலக்கியம் பயின்றோர் அறிவர். கவிஞர் அபூதம்மாமின் வரலாற்றை எழுதியவர். 'கிதாபுல் அவ்ராக்' என்னும் நூலின் ஆசிரியர். அவரே தம் காலத்தின் ஈடிணையற்ற சதுரங்க வல்லுநருமாவார். கி.பி. 902 முதல் 908 வரை ஆட்சி செய்த அப்பாஸியக் கலீஃபா முக்தஃபீயின் அவையில், அரண்மனையின் செல்வாக்குப் பெற்ற ஆட்டக்காரரான மாவர்தீ என்பவரை அவர் வென்றார். (இந்த மாவர்தீ, 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' இயற்றிய இமாம் மாவர்தீ அல்லர், இமாம் அவர்கள் பிற்காலத்தவர்.) அஸ்ஸூலீ தமக்கு முன்னிருந்த அல்அத்லீ என்பவரின் சதுரங்க நூலை எடுத்து, அதை ஆராய்ந்து குறைகண்டு, தம் நூலை எழுதினார். அவருடைய மாணவர் அல்லஜ்லாஜ், தொடக்க அணிவகுப்புகளை நகர்வு நகர்வாக விரித்து, ஒவ்வொன்றும் எதற்காக என்று விளக்கினார்.

அக்காலச் சதுரங்கத்தில் காய்களின் வேகம் குறைவு. இன்று ராணி நிற்கும் இடத்தில் நின்ற 'ஃபிர்ஸான்' மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகரும். ஆகவே இரு தரப்பாரும் முதற் பத்துப் பன்னிரண்டு நகர்வுகளில் தத்தம் படையை ஒழுங்குபட நிறுத்திக்கொண்ட பின்னரே போர் மூளும். அந்த அணிவகுப்புக்கு 'தஅபியா' என்று பெயர். படையை வகுத்து நிறுத்துதல் என்பது பொருள். இன்று உலகெங்குமுள்ள ஆட்டக்காரர்கள், எல்லாரும் அறிந்த ஒரு தொடக்க நிலையைத் 'தபியா' என்றே அழைக்கிறார்கள். அச்சொல் நம் கிதாபுகளிலிருந்து போனது. "உன் புத்தகத்தில் இருப்பவை நகர்வுகள், நீ கற்க வேண்டியது தஅபியா. படையை ஏன் அப்படி நிறுத்தினார்கள் என்பது தெரிந்தால், எதிரி புத்தகத்தை விட்டு விலகினாலும் உன் படை கலையாது" என்றேன்.

பாடத்துக்கு நான் தெரிந்தெடுத்தது 1907 டிசம்பர் 26 அன்று லோட்ஸ் நகரில் நடந்த ஆட்டம். இன்று போலந்தில் இருக்கும் அந்நகரம் அன்று ரஷ்யப் பேரரசின் ஆளுகையில் இருந்தது. அங்கே நடந்த அனைத்து ரஷ்ய வல்லுநர் பந்தயத்தில், கறுப்புக் காய்களை ஆடியவர் அகிபா ருபின்ஸ்டைன். வெள்ளைக் காய்களை ஆடியவர் ரோட்லேவி என்னும் பதினெட்டு வயது இளைஞர். ருபின்ஸ்டைன் யூத மார்க்க அறிஞர்களின் குடும்பத்தில் பிறந்து, இளமையில் அவர்களுடைய மார்க்கப் பாடசாலையில் ஓதியவர். பதின்ம வயதில்தான் சதுரங்கத்தைக் கற்றார். யூதர்களின் தல்மூத் ஏட்டில் மூலம் நடுவே இருக்க, உரைகள் அதைச் சூழ்ந்து அச்சிடப்பட்டிருக்கும். மத்னும் ஹாஷியாவுமாக அச்சிடப்பட்ட நம் கிதாபுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த ஏட்டின் தோற்றம் அந்நியமாக இராது. ஒரு சொல்லைச் சுற்றிப் பத்துக் கேள்வி கேட்கும் பயிற்சியோடு பலகைக்கு வந்தவர் அவர் என்பதே என் தேர்வுக்கு ஒரு காரணம்.

ஆட்டம் முழுவதையும் பையனிடம் கொடுக்கவில்லை. இரு தரப்பின் முதற் பதினைந்து நகர்வுகளை மட்டும், வெள்ளையின் பதினைந்தாம் நகர்வோடு நிறுத்தி, ஒரு தாளில் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். வென்றவர் யார் என்றும் சொல்லவில்லை. உரையாசிரியர்களின் குறிப்புகளையும் காட்டவில்லை. அவனுடைய கைப்பேசியில் இருக்கும் கணிப்பொறி ஆட்டக்காரனை மூடி வைக்கச் சொன்னேன். எந்த நகர்வு பிழை என்பதை அது நொடியில் ஓர் எண்ணாகக் காட்டிவிடும். எண் தீர்ப்பைச் சொல்லுமேயன்றி ஆதாரத்தைச் சொல்லாது. ஆதாரம் தெரியாத தீர்ப்பு மாணவனுக்கு உதவாது.

பலகையின் நிரல்களை ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்னும் எட்டு எழுத்துகளாலும், வரிசைகளை வெள்ளையின் பக்கமிருந்து 1 முதல் 8 வரையுள்ள எண்களாலும் குறிப்பது இன்றைய வழக்கம். வீட்டில் பலகை உள்ளவர்கள் காய்களை வைத்துக்கொண்டு இதைப் படிக்கலாம். இல்லாதவர்களும் கருத்தைப் பின்தொடரலாம்.

ஐந்து நகர்வுகள் முடிந்தபோது, கண்ணாடியில் பார்த்தாற்போல் இரு படைகளும் ஒன்றுபோல் நின்றன. வெள்ளையின் சிப்பாய்கள் சி4, டி4, இ3 கட்டங்களில். கறுப்பின் சிப்பாய்கள் சி5, டி5, இ6 கட்டங்களில். இருவருக்கும் இரண்டு குதிரைகளும் வெளிவந்துவிட்டன. நடுவே சிப்பாய்கள் ஒன்றையொன்று வெட்டக்கூடிய நிலையில் எதிரெதிரே நிற்கின்றன. இங்கேதான் முதற் கேள்வியை எழுப்பினேன். "யார் முதலில் வெட்டுவது நல்லது?"

பையன் யோசித்து, "யார் வெட்டினாலும் ஒன்றுதானே, மாமா" என்றான்.

"அப்படியானால் ரோட்லேவி வெட்டியதைப் பார்."

ஆறாம் நகர்வில் வெள்ளை, தம் டி4 சிப்பாயால் சி5 சிப்பாயை வெட்டினார். கறுப்பு மந்திரி அதுவரை தன் வீட்டில் எஃப்8-இல் இருந்தது. அது ஒரே நகர்வில் சி5-க்கு வந்து, வெட்டியவனை வெட்டி, நல்லதோர் இடத்தில் அமர்ந்தும் கொண்டது. எதிரியின் மந்திரி வெளிவர வெள்ளையே வழி திறந்துவிட்டார். இப்போது மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். டி5-இல் உள்ள கறுப்புச் சிப்பாய் சி4-ஐ வெட்டக்கூடிய நிலையில் இருந்தும் ருபின்ஸ்டைன் வெட்டவில்லை, பொறுத்திருந்தார். பதினோராம் நகர்வில் வெள்ளை மந்திரி எஃப்1-இலிருந்து டி3-க்கு வந்தது. வந்த மறுகணமே ருபின்ஸ்டைன் சி4-ஐ வெட்டினார். இப்போது அந்த மந்திரி இன்னொரு முறை நகர்ந்து சி4-இல் திரும்ப வெட்ட வேண்டியதாயிற்று. அடுத்து பி5-க்கு வந்த கறுப்புச் சிப்பாய் அதை விரட்ட, மூன்றாம் முறையாக நகர்ந்து டி3-க்கே திரும்பிற்று.

பையன் தலைநிமிர்ந்தான். "இவர் மந்திரி வீட்டில் இருக்கும்போது அவர் வெட்டினார், அவர் மந்திரி வெளியே வரும்வரை இவர் காத்திருந்தார்."

இத்தொடக்க ஆட்டத்தின் உள்ளே கிடக்கும் விதி அதுதான். அவனுடைய புத்தகத்திலும் இதே நகர்வுகள் அச்சாகியிருந்தன. காத்திருத்தல் என்பது அச்சில் தெரியாது. வெட்டாமல் விட்ட நகர்வுகள் தாளில் எழுதப்படுவதில்லை. அவற்றைத் தேடிப் படிப்பதற்கே முதாலஆ வேண்டும்.

மூன்றாம் நாள் மாலை பதினைந்தாம் நகர்வின் நிலையைப் பலகையில் வைத்தேன். வெள்ளை இப்போதுதான் கோட்டை கட்டி ராஜாவைப் பாதுகாத்திருக்கிறார். அடுத்த முறை கறுப்புக்கு. "யாருக்கு மேன்மை?" என்று கேட்டேன்.

"சமம்தான். மறுபடியும் கண்ணாடி போலத்தான் இருக்கிறது. ஒரு யானை மட்டும் வேறு இடத்தில் நிற்கிறது."

"காய் காயாக எண்ணு. எந்தக் காய் எத்தனை முறை நகர்ந்து அங்கே வந்தது?"

தாளில் இரண்டு பத்தி போட்டு அவனே எண்ணினான். குதிரைகள், சிப்பாய்கள், பி2-இலும் பி7-இலும் நிற்கும் மந்திரிகள், கோட்டை கட்டியது ஆகிய அனைத்திலும் இருவரின் கணக்கும் ஒன்றே. டி3-இல் நிற்கும் வெள்ளை மந்திரி அங்கே வர மூன்று நகர்வு. டி6-இல் நிற்கும் கறுப்பு மந்திரிக்கு இரண்டே நகர்வு. இ2-இல் நிற்கும் வெள்ளை ராணி அங்கே வர இரண்டு நகர்வு. இ7-இல் நிற்கும் கறுப்பு ராணிக்கு ஒன்றே. ஆகப் பதினைந்து நகர்வில் வெள்ளைக்கு இரண்டு வீண். அவ்விரண்டில் ஒன்று, டி8-க்கு முன்கூட்டியே வந்து திறந்த நிரலைப் பிடித்துக்கொண்டிருக்கும் கறுப்பு யானையாக நிற்கிறது. மற்றொன்று, அடுத்து நகர்த்தும் உரிமை கறுப்பிடம் இருப்பதில் தெரிகிறது. முதலில் நகர்த்தும் பேற்றோடு ஆட்டத்தைத் தொடங்கிய வெள்ளை, எதிரி ஒரு காயையும் அடித்துப் பறிக்காமலேயே அப்பேற்றை இழந்துவிட்டார்.

எண்ணி முடித்ததும் பையன் நெடுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். 'சமம்' என்று சற்றுமுன் சொன்னவன் அவனே. எண்ணிப் பார்க்காத கண்ணுக்கு அது சமமாகவேதான் தெரியும்.

ராணி ஏன் இரண்டு முறை நகர்ந்தது என்பதே நான்காம் நாள் பாடம். பத்தாம் நகர்வில் ரோட்லேவி ராணியை டி2-க்கு வைத்தார். டி5 சிப்பாயை மேலும் அழுத்தலாம் என்பது நோக்கம். ருபின்ஸ்டைன் அச்சிப்பாய்க்குக் காவல் போடவே இல்லை. தம் ராணியை இ7-இல் வைத்தார். "டி5-ஐ வெள்ளை பறித்துக்கொண்டால்?" என்று பையன் கேட்டான். அதை ஆடிப் பார்த்தோம். சிப்பாய்களும் குதிரைகளும் வெட்டுண்டபின் வெள்ளை ராணி டி5-க்கு வந்து நிற்கும். உடனே கறுப்பு மந்திரி இ6-க்கு வந்து அதை விரட்டும். யானைகள் நடு நிரல்களுக்கு வரும். வெள்ளை ராஜாவோ இன்னும் நடுவிலேயே நிற்பார். ஒரு சிப்பாயின் விலைக்குக் கறுப்பு பெறுவது மிகப் பெரிது. ஆகவே டி2-இல் ராணி வைத்த அச்சுறுத்தல் வெற்று அச்சுறுத்தல். பதின்மூன்றாம் நகர்வில் கறுப்பு யானை டி8-க்கு வந்ததும், அதே நிரலில் நிற்பது ஆபத்தென்று ராணி இ2-க்கு விலக வேண்டியதாயிற்று. பத்தாம் நகர்வில் சி4 சிப்பாயால் டி5-ஐ வெட்டிவிட்டு, மந்திரியை நேரே இ2-இல் வைத்துக் கோட்டை கட்டியிருந்தால் வெள்ளைக்கு இத்தொல்லை நேர்ந்திராது. அந்த நிலையிலிருந்து இரு தரப்பையும் மாறி மாறி எடுத்து நாங்கள் மூன்று முறை ஆடினோம்.

இவ்வளவும் முடிந்த பிறகே, ஐந்தாம் நாள், ஆட்டத்தின் எஞ்சிய பகுதியைக் காட்டினேன். உலகம் இதனைப் போற்றுவது அப்பகுதிக்காகவே. பதினைந்தாம் நகர்வில் கறுப்புக் குதிரை இ5-க்குப் பாய்ந்து கண்ணாடியை உடைத்தது. குதிரைகள் மாற்றிக்கொள்ளப்பட்டன. வெள்ளை தம் எஃப், இ நிரல்களின் சிப்பாய்களை முன்தள்ளினார். அவை முன்னேற முன்னேறப் பின்னால் ராஜாவைச் சுற்றியுள்ள மூலைவாட்டுப் பாதைகள் திறந்தன. பத்தொன்பதாம் நகர்வில் கறுப்பு மந்திரி பி6-இலிருந்து ராஜாவுக்குச் 'செக்' கொடுத்தது. பிறகு குதிரை ஜி4-க்கும் ராணி எச்4-க்கும் வந்தன. இருபத்திரண்டாம் நகர்வில், தாக்கப்பட்டு நிற்கும் தம் ராணியைக் காப்பாற்றாமல், ருபின்ஸ்டைன் சி3 குதிரையை யானையால் வெட்டினார். ராணி வெட்டுண்டது. அடுத்த யானையை டி2-இல் வெள்ளை ராணியின் முன்னே கொண்டு வைத்தார், அதுவும் வெட்டுண்டது. இருபத்தைந்தாம் நகர்வில் எஞ்சிய யானை எச்3-க்கு வந்தது. எச்2-இல் ராஜா மடிவதைத் தடுக்க வழியில்லை. ரோட்லேவி ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

இதை முதல் நாளே காட்டியிருந்தால் பையன் ராணியைக் கொடுக்கும் துணிச்சலை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருப்பான். ஐந்தாம் நாள் பார்த்ததால் அவன் கேட்ட கேள்வி வேறாக இருந்தது. "யானை டி8-இல் முன்னமே இல்லாமல் இருந்திருந்தால் டி2-க்கு எப்படி வந்திருக்கும், மாமா?" நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே தாளைப் புரட்டிப் பத்தாம் நகர்வின்மேல் விரலை வைத்தான். அன்றிரவுதான் உரையாசிரியர்களின் குறிப்புகளை அவனிடம் கொடுத்தேன். தானே கண்டவற்றைப் பெரியவர்களும் எழுதியிருப்பதைப் பார்த்தபோது அவன் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை, முதன்முதலாக இபாரத்தைத் தானே சரியாக வாசித்துவிட்ட மாணவனின் முகத்திலும் நான் கண்டிருக்கிறேன்.

ஓர் ஆட்டத்தை இவ்வாறு ஓதியவருக்கு அது எத்தனை காலம் பயன்படும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் வெய்க் ஆன் ஸீ என்னும் கடற்கரை ஊரில் நடந்த போட்டியில், அப்போது உலகச் சாம்பியனாக இருந்த சென்னையின் விஸ்வநாதன் ஆனந்த், ஆர்மீனியாவின் லெவோன் அரோனியனைக் கறுப்புக் காய்களோடு 23 நகர்வுகளில் வென்றார். தொடக்க ஆட்டம் வேறு. காய்களின் வரிசை வேறு. ஆயினும் வெள்ளையின் எஃப் சிப்பாய் முன்னே போய்விட்டிருந்தது. ராஜாவை நோக்கிக் கறுப்பின் இரு மந்திரிகளும் இரு பாதைகளில் பாய்ந்து நின்றன. குதிரை ஜி4-இல் நின்றது. ஆட்டம் முடிந்தபின் ஆனந்தே ருபின்ஸ்டைனின் அந்தப் பழைய ஆட்டத்தை நினைவுகூர்ந்தார். 105 ஆண்டுகளுக்கு முன் லோட்ஸில் தோன்றிய கருத்து, ஒரு தமிழரின் கையில் புதிய உருவெடுத்தது. நகர்வுகளை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அந்த ஆட்டம் அங்கே உதவியிராது. அங்கே நகர்வுகள் அந்த வரிசையில் வரவில்லையே.

தவணை முடிந்த பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அடுத்த போட்டியிலும் பையன் ஒன்றில் தோற்றான், இரண்டில் வென்றான், ஒன்றைச் சமமாக முடித்தான். பெரிய வெற்றியென்று சொல்வதற்கில்லை. ஆனால் தோற்ற ஆட்டத்தைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து, "முப்பத்தோராவது நகர்வில் ராணியை இழந்தேன், மாமா. ஆனால் தப்பு பதினாலாவது நகர்வில். ஒரே குதிரையை மூன்று முறை நகர்த்திவிட்டேன்" என்றான். மூளை போதாது என்ற பேச்சு அவன் வாயில் வரவில்லை. அவன் தந்தை அருகிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். பலகை பரணுக்குப் போகவில்லை.

தோற்றவரைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். ருபின்ஸ்டைனின் புகழ் பாடும் நூல்கள் பல. ரோட்லேவியின் பெயரோ இந்த ஒரு தோல்வியால் மட்டுமே பலருக்கும் தெரியும். அவர் எளிய ஆட்டக்காரர் அல்லர். 1911-இல் கார்ல்ஸ்பாடில் 26 வல்லுநர்கள் ஆடிய பெரும் பந்தயத்தில் நான்காம் இடம் பெற்றவர். நோய் அவரை ஆட்டத்திலிருந்து விலக்கிற்று. 1920-இல், முப்பது வயதளவிலேயே மறைந்தார். லோட்ஸில் அவர் நகர்த்திய பத்தாம் நகர்வு மடமையான நகர்வன்று. நம்மில் பலரும் இன்றும் வைக்கக்கூடிய, பார்வைக்கு ஒழுங்கான நகர்வு. அதனாலேயே அது நமக்குப் பாடமாகிறது. பெருந்தவறுகளை யாரும் சொல்லித்தராமலே கண்டுகொள்ளலாம். ஒழுங்குபோல் தோன்றும் சிறு வீண்செலவைக் கண்டுகொள்ளத்தான் உஸ்தாதும், முதாலஆவும், பொறுமையும் தேவைப்படுகின்றன.

பெற்றோர்க்கு என் வேண்டுகோள் ஒன்றே. பிள்ளை கற்பது சதுரங்கமாயினும், கணிதமாயினும், நஹ்வு ஸர்ஃபாயினும், பத்து நூல்களை வாங்கிக் குவிப்பதற்கு முன் ஒன்றை எடுத்து, வரிவரியாக 'ஏன்' என்று கேட்டுப் படிக்க வையுங்கள். விடையை ஒளித்து வைத்து, அவனையே எண்ண விடுங்கள். பிழை கண்ட இடத்தில் நிறுத்திவிடாமல், அப்பிழைக்கு வித்திட்ட இடம்வரை பின்னோக்கி நடத்திச் செல்லுங்கள். உரையைக் கடைசியில் காட்டுங்கள். மனப்பாடம் நல்லதே; நம் முன்னோர் அதை விட்டதில்லை. ஆயின் அவர்கள் அதனோடு நிற்கவும் இல்லை.

நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் ஹிஃப்ளோடு ஃபஹ்மையும் சேர்த்தருள்வானாக. ஆமீன்.